சங்க மண்டபத்தில் என் ரப்பர் சுத்தியல்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் சிட்னியின் பேர்போன பல்கலைக்கழகம் ஒன்றில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து நடத்தும் இரகசியச் சங்கத்தின் சடங்கையே மாற்றி வைத்தவன். பெருமைக்குச் சொல்லவில்லை. (சரி, பெருமைக்குத்தான்.)

சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் பாதிக் குளியலறைகளுக்கு டைல் பதித்தது இந்தக் கை. என் மகள் தாரணியோ அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். மூன்று கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கும் அந்தச் சங்கத்தில் கண்டவரையும் சேர்க்கமாட்டார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு காலை அவள் சொன்னாள்: “அப்பா, பின்னேரம் சங்கத்தில சடங்கு. பழைய ஆக்கள் வந்து பாத்துத்தான் முடிவெடுப்பினம். ஒரு பிழை வந்தாலும் எனக்குக் கிடைக்காது. நீங்கள் அந்தப் பக்கம் வந்திடாதேங்கோ.”

அவளைச் சங்கத்தில் சேர்க்கப்போகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, மதியத்துக்குள் கோயில் வரை செய்தி பரப்பினேன். வராதே என்றால் எனக்குக் கால் நிற்குமா? மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு, வேலை உடுப்பிலேயே போய் மண்டபத்து ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், கண் கட்டியபடி, வெறுந்தரையில் முழங்காலில் நின்றார்கள். சுற்றிவர முகம் மூடிய கறுப்பு அங்கிக்காரர். பகிடிவதை! ஊரில் கம்பஸுக்குப் போன என் அண்ணன், மூத்த மாணவரிடம் வதைபட்டு, ஒரே கிழமையில் காய்ச்சலோடு திரும்பி வந்ததைக் கண்டவன் நான். என் வேலை வானுக்குள் கிடந்த, டைல் தட்டும் ரப்பர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

“பிள்ளையளை விடுங்கோ. ஆரடா இங்க பெரியவன்?”

நடுவில் நின்ற அங்கி மெதுவாக முக்காட்டை விலக்கியது. தாரணி.

“நான்தான் அப்பா,” என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, “இண்டைக்குத்தான் என்னைத் தலைவராக்கிறதோ எண்டு பாக்கினம்.”

முன்வரிசைக் கதிரையில், பழைய ஆக்களோடு இருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் நான் யார், என்ன வேலை என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் வேலைத்தள ஆங்கிலம்.

“செக்கிங் டைல்,” என்றேன்.

சொல்லிவிட்டுச் செய்யாமல் இருக்கலாமா? முழங்காலிட்டு, சுத்தியலால் தரையைத் தட்டினேன். டொக். டொக். மூன்றாவது டைலில் கோறைச் சத்தம். (உள்ளே வெற்றிடம், அடியில் சீமெந்து பிடிக்கவில்லை. எவனோ அரைகுறை வேலைக்காரன்.) கண் கட்டியிருந்த பிள்ளைகள், இதுவும் சடங்கென்று நினைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் பவ்வியமாகத் தலை குனிந்தார்கள்.

தாரணிக்கு மூளை என்னுடையது. புதிதாகச் சேர்கிறவர் காலூன்றும் முன் அத்திவாரத்தைச் சோதிக்க வேண்டும், இது இந்த வருடம் சேர்த்த சடங்கு என்று முகம் மாறாமல் ஆங்கிலத்தில் விளக்கினாள். பழைய ஆக்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். ரோல்ஸில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவள் தலைவரானாள். அடுத்த நாளே நான் போய் அந்த டைலை மாற்றினேன். இன்றைக்கும் அங்கே புதியவர்கள் சேரும்போது மூன்று தட்டு உண்டு. சுத்தியல் என்னுடையதுதான், திருப்பித் தரமாட்டார்களாம்.

வீட்டிலும் அதே சடங்கு. நான் பெருமை பேசத் தொடங்கினால் மனைவி குசினியிலிருந்து அகப்பையோடு வந்து என் தலைக்கு மேலே மூன்று தரம் தட்டுவதுபோல் காட்டுவாள்.

“சத்தம் எப்பிடி அம்மா?” என்பாள் தாரணி.

“கோறைதான் பிள்ளை.”