ஜப்பான் போகும் நாள்

அரிசி இல்லாத வீட்டில் பொங்கல் பானையைப் போலப் பத்திரமான இடம் வேறு கிடையாது. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்துக் கெட்டவனும் நானே. கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் கலியாணசுந்தரம். மலாக்கா, காஜா பேராங்கில் வீடு. சண்டைக்கு முன்னால் ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரன் ஓடினான், கிடங்கு மூடியது, இப்போது வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நடுகிறேன். ஊரில் எனக்குப் பேசத் தெரியாதவன் என்று பெயர். வீட்டில் பேச விடப்படாதவன். இரண்டும் ஒன்றுதான் என்பாள் என் மனைவி பாக்கியலட்சுமி.

வாய் சும்மா இருந்தால் கை சும்மா இருக்காது. பழைய நாள்காட்டியில் கிழித்துச் சேர்த்து வைத்த தாள் இருக்கிறதே, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தேன். இதே தேதியில் முன்பு உலகத்தில் என்னென்ன நடந்தது? எந்த ராஜா செத்தான், எந்தக் கோட்டை விழுந்தது, எவன் எவனைப் பிடித்தான்? கிடங்கில் கிடந்த பழைய புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். வருஷத்தின் எல்லாத் தேதிக்கும், முந்நூற்று அறுபத்தைந்து சீட்டு. அதில் என் உயிருக்கு உயிரான சீட்டு ஜனவரி பதினான்கு.

அந்தச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

1641 – ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தனர்.
1761 – பானிபட் போர்.
1942 – ஜப்பான் மலாக்கா வந்தது.

(பதினான்கா பதினைந்தா என்று அடுத்த வீட்டு நடராஜன் இன்னும் என்னோடு சண்டை போடுகிறார். நான் பதினான்கு என்பேன். சீட்டு என்னுடையது.)

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. போர்த்துகீசியன் போனான், ஒல்லாந்தன் போனான், இங்கிலீஷ்காரனும் போனான் என்று ஒரு வேகம் வந்தது. கீழே ஒரு வரி சேர்த்தேன்:

ஜப்பான் போகும் நாள்: ……………

புள்ளி வைத்து இடம் விட்டிருந்தேன். தேதி தெரிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று.

தீபாவளிக்குப் பிறகு பின்சந்தில் ஒருவரை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வீட்டில் கிடைத்தது ஒரே ஒரு பழைய கடிதம். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவர் யாரோடும் பேசவில்லை. பேச முடியவில்லை என்றும் சொன்னார்கள்.

அன்றைக்கே பாக்கியலட்சுமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அந்தச் சீட்டெல்லாம் இன்னிக்கே எரியணும்."

"அது சரித்திரம், பாக்கியம். சரித்திரம் திரும்பும்."

"சரித்திரம் திரும்புதோ இல்லையோ, போனவங்க திரும்பணும்ல? எரிங்க."

எரித்தேன். ரப்பர்க் கிடங்கின் பழைய ரசீதுகளை. அவள் கண் எதிரே, கொல்லையில், புகை வரும்படி. "நல்லா எரியுதே" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். சீட்டுகள் அதற்கு முன்பே பரண்மேல் ஏறிவிட்டன, பொங்கல் பானைக்குள். ரேஷனில் வருவது புழுத்த அரிசி, அதுவும் கஞ்சிக்கே காணாது. இந்த வருஷம் எவள் பொங்கல் வைக்கப் போகிறாள்?

ஆச்சா? இப்போது பொங்கலன்று காலைக்கு வாருங்கள். 1943, ஜனவரி பதினான்கு.

நான் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலே நடராஜனின் முகம் எழுந்தது. அதில் ரத்தமே இல்லை.

"கிராணியாரே, ஜப்பான்காரன் வீடு வீடா வர்றான். கோயில் பக்கத்துத் தெரு முடிஞ்சுது. இப்ப நம்ம முனையில நிக்கிறான்."

"எதுக்கு?"

"வந்து ஒரு வருஷம் ஆச்சுல்ல, அதுக்கு மரியாதை! ரேடியோ, காகிதம், எது கெடைச்சாலும் தூக்குறான். கூடவே பேச்சை மாத்திச் சொல்ல ஒரு துபாசி. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாம்."

"தமிழ் படிப்பானா?"

"புள்ளி விடாம படிப்பானாம்."

புள்ளி என்றதும் எனக்கு என் புள்ளிகள் ஞாபகம் வந்தன. இருந்தாலும் ஒரு தைரியம். பானை பரண்மேல். பரண்மேல் தூசி. தூசிக்குள் எவன் கை விடுவான்? மெல்ல உள்ளே போனேன்.

பரண்மேல் பானை இல்லை.

அது பாக்கியலட்சுமியின் இடுப்பில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, கல்யாணப் பெண் மாதிரி. அடுப்பில் விறகு அடுக்கியாயிற்று. பக்கத்தில் மூன்று பால்டின் அளவு அரிசி. நல்ல அரிசி.

"இ… இது எங்கேருந்து?"

"செமாபோக்குல எங்க சித்தி குடுத்தாங்க. என்னோட பச்சைப் புடவை அவங்ககிட்ட இருக்கு. வருஷத்துக்கு ஒரு நாள். சாமிக்கு மரவள்ளியா பொங்குவாங்க?"

பானையைப் பார்த்தேன். அதன் வாயில் வாழையிலையால் ஒரு மூடி. உள்ளே முந்நூற்று அறுபத்தைந்து தூக்குக் கயிறு. தெரு முனையில் பூட்ஸ் சத்தம்.

"பாக்கியம், பானையைக் குடு. நான் கழுவிக்கிட்டு வர்றேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகி ஆறு வருஷம். ஒரு டம்ளர் கழுவினதில்ல நீங்க."

"பொங்கலாச்சே."

"கழுவியாச்சு. தள்ளுங்க, அடுப்புப் பத்த வைக்கணும்."

வெளிப்புறம் மட்டும்தான் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். பத்த வைத்தால் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்ற மூடியைத் திறப்பாள். திறந்தால் நான் பொய் சொன்னது தெரியும். ஜப்பான்காரன் கொல்லுவதற்குமுன் இவள் கொல்லுவாள். கொஞ்ச நேரம் அவள் பானையைக் கீழே வைத்தால் போதும், சீட்டுகளைக் கிணற்றில் போட்டுவிடலாம். யோசித்தேன். யோசனை வந்தது. அதுதான் என் போதாத காலம்.

"நல்ல நேரம் போயிடுச்சு பாக்கியம். கோயில்ல ஏழரையிலேருந்து ஒம்போதுன்னாங்க. மணி இப்ப ஒம்போதே கால்!"

எங்கள் வீட்டில் இரண்டு நேரம். கூடத்துக் கடிகாரம் சர்க்கார் உத்தரவுப்படி தோக்கியோ நேரம், ஒன்றரை மணி முந்தி ஓடும். அடுப்படிக் கடிகாரம் பாக்கியலட்சுமியின் உத்தரவுப்படி பழைய நேரம்.

"அது தோக்கியோ மணி. என் மணியில ஏழே முக்கால்."

"சர்க்கார் மணிதான் சட்டம்."

"சூரியன் சர்க்கார் உத்தியோகமா பாக்குது?"

"அப்படி இல்ல… கணக்குப்படி பாத்தா தை நாளைக்குத்தான் பொறக்குது."

"நாளைக்கா? கோயில்ல கேட்டுட்டு வந்தேங்க. ஜாலான் துக்காங் எமாஸ் கோயில்ல. அவரு பொய்யாத விநாயகர்." ஒரு விநாடி நிறுத்தினாள். "நீங்க எப்படி?"

"இன்னிக்கு நல்ல நாளே இல்ல பாக்கியம். இதே தேதியிலதான் பானிபட் போர். லட்சம் பேர் செத்தாங்க."

"பானிபட்டா? இங்க ஒரு வருஷமா பானைபட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தள்ளுங்க!"

நான் பானையின் விளிம்பைப் பிடித்தேன். அவள் இழுத்தாள். நான் இழுத்தேன். பானை அங்கும் இங்கும் போனது. அடுப்பு பற்றவில்லை. நல்ல நேரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, இரண்டு கடிகாரத்திலும்.

"என்னங்க இருக்கு இந்தப் பானைக்குள்ள?"

"ஒ… ஒண்ணுமில்ல."

"ஒண்ணுதானா?" என்றாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

கதவு தட்டப்படவில்லை. திறந்தது.

முதலில் கத்தி வந்தது. அதற்குப் பின்னால் அதைக் கட்டியிருந்த அதிகாரி வந்தான். பின்னால் இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் ஒல்லியாக, கக்கத்தில் குடையோடு, துபாசி. நான் வளைந்த வளைவில் என் நெற்றி முழங்காலைத் தொட்டது.

பாயை உதறினார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். சாமி படத்துக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார்கள். ஒரு சிப்பாய் பரணில் ஏறித் தும்மினான். கூடத்துக் கடிகாரம் தோக்கியோவை எண்ணிக்கொண்டிருந்தது. வாசலுக்குத் திரும்பிய அதிகாரி நின்றான். கத்தியின் உறையை நீட்டினான். பானையை நோக்கி.

பாக்கியலட்சுமி அசையவில்லை. வாழையிலையை எடுத்தாள். பானையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

முந்நூற்று அறுபத்தைந்து விழும் என்று கண்ணை மூடினேன். சத்தமே இல்லை. திறந்தேன். ஒன்றே ஒன்று விழுந்தது. காற்றில் இப்படியும் அப்படியும் ஆடி, துபாசியின் செருப்பு மேல் வந்து உட்கார்ந்தது.

ஜனவரி பதினான்கு.

அவன் எடுத்தான். கண்ணாடியைத் துடைத்தான். உரக்கப் படித்தான். ஒல்லாந்தர் பிடித்தனர். அதிகாரிக்கு அவன் பாஷையில் சொன்னான். அதிகாரி 'ம்' என்றான். பானிபட் போர். அதற்கு 'ம்' கூட இல்லை. ஜப்பான் மலாக்கா வந்தது. 'ஓ!' என்று அதிகாரி நிமிர்ந்தான். துபாசி அடுத்த வரிக்கு வந்தான். நின்றான். என்னைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான்.

"யார் எழுதினது?"

"நா… நான்தான்."

"'ஜப்பான் போகும் நாள்.' அப்புறம் புள்ளி. என்னய்யா அர்த்தம் இதுக்கு?"

பின்சந்துக்காரரின் வாய் ஞாபகம் வந்தது. "அது… சரித்திரத்துல… வந்தவங்க எல்லாரும்…" என்று ஆரம்பித்தேன். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கதையை வேறு யாராவதுதான் சொல்லியிருப்பார்கள்.

"ஐயா, அவருக்குப் பேச வராதுங்க" என்று பாக்கியலட்சுமி பானையை நிமிர்த்தி இடுப்பில் வைத்தாள். "அது இவரு ஜப்பான் போகும் நாளுங்க."

துபாசி விழித்தான். நானும் விழித்தேன்.

"இவரா?"

"ஆமாங்க. ஜப்பான் போகணும், ஜப்பான் போகணும்னு ஒரு வருஷமா ஒரே பொலம்பல். மெட்ராஸ் போகும் நாள், பினாங்கு போகும் நாள்னு எழுதறதில்லையா? அந்த மாதிரி. எப்பக் கூட்டிக்கிட்டுப் போவீங்கன்னு தெரியல பாருங்க, அதான் புள்ளி வச்சு எடம் விட்டிருக்காரு."

"நிப்பான்னு எழுதணும்னு உத்தரவு. ஜப்பான்னு எழுதியிருக்காரே?"

"அதாங்க, படிப்பில்ல! அங்க போனாத்தான் திருந்துவாரு."

"பானைக்குள்ள ஏன் வச்சீங்க?"

"வேண்டுதலுங்க. பானை பொங்குற மாதிரி ஆசையும் பொங்கணும்னு. சீட்டை எடுத்துட்டு உலை வைக்கப் போனேன், நீங்க வந்துட்டீங்க."

துபாசி என்னைப் பார்த்தான். "உண்மையா?"

ஆறு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஆட்டிய தலை. அதுவாகவே ஆடியது.

துபாசி அதிகாரியிடம் சொன்னான். வெகுநேரம் சொன்னான். அதிகாரி என் அருகே வந்தான். கை ஓங்கியது. கண்ணை மூடினேன். தோளில் விழுந்தது. தட்டிக்கொடுத்தானாம்! பல் எல்லாம் தெரியச் சிரித்து ஏதோ சொன்னான்.

"ஐயா ரொம்ப மெச்சுறாரு" என்றான் துபாசி. "நாளையிலேருந்து நீங்க நிப்பான் பாஷை வகுப்புக்கு வரணும். தினமும் காலை ஏழு மணி. முன் வரிசை."

"தோக்கியோ மணியா?" என்று முனகினேன்.

"வேற எந்த மணி இருக்கு?"

பாக்கியலட்சுமி அடுப்படிக் கடிகாரத்தை மறைத்து நின்றாள்.

"இன்னொண்ணு. கப்பல் எப்பப் போனாலும் மொதல் பேரு உங்க பேருதான். இந்தச் சீட்டைச் சுவத்துல ஒட்டி வைக்கணும்னு உத்தரவு. அடுத்த தடவை வந்து பாப்பாரு."

போனார்கள். பூட்ஸ் சத்தம் நடராஜன் வீட்டுக்குள் நுழைந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"பாக்கியம், மத்த சீட்டெல்லாம்?"

"எந்தச் சீட்டு? நீங்கதான் தீபாவளிக்கே எரிச்சுட்டீங்களே."

அவள் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

"அன்னிக்கே பரண்ல பாத்துட்டேன். மார்கழி பூரா மழை, விறகெல்லாம் ஈரம். காலையில ஆறு சீட்டு, சாயங்காலம் ஆறு சீட்டு. உங்க சரித்திரத்துலதான் நம்ம வீட்டு மரவள்ளி வெந்துச்சு. வாட்டர்லூன்னு ஒண்ணு. பேர்லதான் வாட்டர், நல்லா எரிஞ்சுது. பிரெஞ்சுப் புரட்சியில கொஞ்சம் கருகிப்போச்சு."

ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான்தான் 'இன்னிக்கு ருசியே தனி' என்று இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"இதை மட்டும் ஏன் வச்சிருந்தே?"

"மிச்சத்தை நேத்துப் போகியில எரிச்சேன். இன்னிக்குத் தேதியாச்சேன்னு இதைப் பொங்கல் அடுப்புக்குன்னு பானைக்குள்ளேயே வச்சேன். ஏழே முக்காலுக்கே சாம்பலாகியிருக்கும். யாரோ தோக்கியோ மணி பாத்து, பானையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நின்னாங்க."

நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது பானை பொங்கியது. பாக்கியலட்சுமி குலவையிட்டாள். வேலிக்கு அந்தப்புறம் நடராஜனின் இருமல் கேட்டது. அவரும் தப்பித்தார்.

மறுநாள் விடியுமுன் முதல் வரிசைக்குப் புறப்பட்டேன். சுவரில் சீட்டு ஒட்டியிருந்தது. ஜப்பான் வந்ததற்கும் ஜப்பான் போகும் நாளுக்கும் நடுவே இருந்த இடுக்கில், அடுப்புக்கரியால், புதிதாக ஒரு வரி:

1943 – பானைபட்டுப் போர். வென்றது பாக்கியலட்சுமி.