பட்டுவுக்கு நொய்க்கஞ்சி

இதை நான் கண்ணால் பார்த்ததில்லை. புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் சேவுகனுக்கு அடுத்த மேஜையில் எழுதிக்கொண்டிருந்த இன்னாசி சொன்னது. அவர் விட்ட இடங்களில் நான் கொஞ்சம் சேர்த்திருக்கலாம்.

சேவுகன் நகல் எடுக்கிற குமாஸ்தா. திருக்கோகர்ணத்தில் வீடு. ஊருக்கு ரயில் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமைதோறும் திருச்சி வண்டியில் வரும் வாரப் பத்திரிகையை வாங்கிவருவார். மனைவி சொர்ணவல்லிக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தில் உட்காரவைத்துத் தொடர்கதையை அவர்தான் வாசித்துக் காட்டுவார்.

அவள் கதையாகவா கேட்டாள்? பக்கத்துத் தெருச் சேதியாகக் கேட்டாள். கதையில் பட்டு என்று ஐந்து வயதுப் பெண். அவளைப் பட்டினி போடும் சிற்றன்னை பெயர் அழகம்மாள். அன்றோடு மோர்க்காரி அழகம்மாளுக்கு இந்த வீட்டு வாசல் அடைபட்டது.

“பாவம், மோர்க்காரி என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யல. பேரக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.”

“மோரு இல்லாம நான் எப்பிடிச் சோறு திங்கிறது?”

“பட்டு மோரு ஊத்தியா திங்கிறா? நீங்களும் தின்னுங்க.”

பட்டுவுக்குக் காய்ச்சல் கண்டது. சொர்ணவல்லி பிரகதாம்பாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். சேவுகனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் மகள் கண்ணாத்தா போனதும் இப்படி ஒரு காய்ச்சலில்தான். நான்கு வயது. அவளைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பத்திரிகையை வழியிலேயே பிரித்தார். பட்டு செத்துப்போயிருந்தாள். பல்லவன்குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். இதை வாசித்தால் சொர்ணம் தாங்கமாட்டாள். பத்து வருஷமாக ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் நகல் எடுத்த மனிதர், அன்று மாற்றி வாசிப்பது என்று முடிவு செய்தார்.

வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. சொர்ணவல்லியின் தலை ஈரமாக இருந்தது. இருந்த பதற்றத்தில் அவர் இரண்டையும் கவனிக்கவில்லை.

“காய்ச்சல் இறங்கியது. பட்டு கண் திறந்து கஞ்சி கேட்டாள்” என்று வாசித்தார்.

அவள் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“என்ன கஞ்சி?”

“நொய்க்கஞ்சி.”

“தொட்டுக்க?”

“நார்த்தங்காய்.”

கண்ணாத்தா அதைத்தான் கேட்பாள். “அடுப்புப் புகை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் பட்டு வாராவாரம் வளர்ந்தாள்.

“இன்னும் காது குத்தலையா அதுக்கு?”

மறுவாரமே மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள்.

“பள்ளிக்கொடத்துல போடலையா?”

போட்டார். நடுவில் வாசிப்பு நின்றுவிடும். சேவுகன் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார். அவள் அவசரப்படுத்தமாட்டாள். பிறகு மெல்ல, “ம், அப்பறம்?” என்பாள். “பொம்பளையை ஏமாத்துறது எவ்வளவு சுலபம் இன்னாசி!” என்று கச்சேரியில் பெருமை வேறு.

எட்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுச் செவந்தி அவரை வாசலில் மறித்தாள்.

“ஏண்ணே, உங்க வீட்டுல மட்டும் அந்தப் புள்ள இன்னும் உசிரோட இருக்காமே?”

“எந்தப் புள்ள?”

“பட்டுதான். எங்க வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை வருதுல்ல, அன்னிக்கு என் மக வாசிக்கயில சொர்ணமும்தானே கேட்டுச்சு? செத்துப்போனான்னதும் ரெண்டு பேரும் கெணத்தடியில தலை முழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ள போனோம். நீங்க அதுக்குப் பெறகுதானே வந்தீங்க!”

சேவுகன் உள்ளே போனார். சொர்ணவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தன மாசமும் கேட்டியா?”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“கண்ணாத்தா போனப்ப நீங்க அழுகல. மூணா நாளே கச்சேரிக்குக் கெளம்பிட்டீங்க. ஒத்தையில அழுது நான் ஓஞ்சு போனேன். பட்டுக்குக் கஞ்சி ஊத்தயிலதான் ஒங்க கண்ணுல தண்ணியப் பாத்தேன். உண்மையச் சொன்னா மறுபடி வாய மூடிக்கிருவீங்க. அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று புகை என்று சொல்லவில்லை.

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள்: “சரி, ஒக்காருங்க. வார சனிக்கெழம அவளுக்கு என்ன ஆகுது?”

போன வருஷம் அந்தப் பத்திரிகையின் பழைய கட்டுகளை ஒரு நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். பட்டு செத்த மூன்றாம் வாரமே தொடர்கதை முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்கக் கூந்தல் தைல விளம்பரம். முழங்கால் வரை தலைமயிரை விரித்துப்போட்ட ஒரு பெண்ணின் பெரிய படம், வாராவாரம்.