மூன்றாவது மலர் வளையம்

"அங்கம்மா வீடு இதுதானேண்ணே? எங்க இறக்கி வைக்கட்டும்?"

பூக்கடை வேன் ஓட்டும் ஐயாசாமியின் கையில் ஆள் உயர மலர் வளையம். நடுவில் 'கண்ணீர் அஞ்சலி'. வாசலில் நின்ற சுகுமாறன் அவசரமாகத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான்.

உள்ளே அங்கம்மா உயிரோடு, பட்டுச்சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மலேசியாவின் பாலோ தோட்டங்களில் நாற்பது வருடம் பிரசவம் பார்த்தவருக்குச் சாயங்காலம் குளுவாங்கில் ஒரு மகளிர் மன்றம் பொன்னாடை போர்த்துகிறது. போன வாரம் நடக்க வேண்டிய விழா. மகன் சுகுமாறனுக்கு லீவு இல்லை என்றதும், நல்ல காலம், எப்படியோ இன்றைக்குத் தள்ளிப்போனது. இன்றைக்கும் சிங்கப்பூர் சூப்பர்வைசர் கையை விரிக்கவே, "அம்மா தவறிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான் அந்தப் புண்ணியவான். நல்ல நாளும் அதுவுமாக அம்மா இதைப் பார்த்தால்?

வளையத்தைக் குளியலறையில் ஒளித்தான்.

"யாருடா?" என்றது அறைக்குள்ளிருந்து குரல்.

"தண்ணி போத்தல்மா."

அரை மணியில் இரண்டாவது வளையம் வந்தது. முதலாவதைவிடப் பெரிது. சுகுமாறன் வேனையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பொய் ஒன்றுதானே சொன்னான்?

"அலமாக்! நானும் ஆபீஸ்ல அதையேதான் சொன்னேன்ணே," என்றாள் ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த தங்கை சாந்தினி.

இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடியதை அடுத்த வீட்டுக் காளியம்மா பார்த்துவிட்டாள்.

"ஐயோ, அங்கம்மாக்கா! காலையிலகூட பேசினியே!"

அவள் போட்ட கூச்சலில் கம்பத்து ஜனமே கூடியது. யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். வீடெல்லாம் வெள்ளைச் சாமந்தி வாசம். இவ்வளவு அமளிக்கும் அம்மாவின் அறையிலிருந்து சத்தமே இல்லை.

"அம்மா?"

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே காற்றாடி மட்டும் கிறீச்சிட்டது. சொன்ன பொய் பலித்துவிட்டதோ? சுகுமாறன் கதவைத் தட்டினான்.

"பொய்தான்மா சொன்னேன்! கதவத் திறம்மா!" என்று வாய்விட்டே அழுதான்.

தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. பட்டுச்சேலையில் அங்கம்மா நின்றார். உதடுகளுக்கிடையே நான்கு ஊக்குகள். பேச்சு எங்கிருந்து வரும்? கட்டிக்கொண்டு தேம்பிய மகனை, சேலை கசங்காமல் தள்ளி நிறுத்தினார்.

வாசலில் ஹாரன் ஒலித்தது. ஐயாசாமி, மூன்றாவது வளையத்தோடு.

"திருப்பி எடுத்துட்டுப் போங்க லா! எங்கம்மா உயிரோட இருக்காங்க!" என்று பாய்ந்தான் சுகுமாறன்.

ஐயாசாமி ரசீதைப் பார்த்தார். அங்கம்மா சத்தமில்லாமல் அறைக்குள் திரும்பினார்.

"இது அம்மாவுக்கு இல்லண்ணே, மன்றத்துலருந்து மகன் சுகுமாறனுக்கு. போன வாரமே வந்திருக்கணும். அவரு தவறிட்டாருன்னு அம்மாவே போன் பண்ணித்தானே விழாவத் தள்ளி வெச்சாங்க!"