மாடிப்படியில் சிக்கிய யானை

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேரம் பேசக்கூடாது என்பது குழாய் சாருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். வாய்க்குள் பஞ்சுருண்டை, குட்டிக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழல், போதாததற்கு டாக்டரின் இரண்டு விரல்கள். உண்மையில் அவருக்குப் பல்வலி எதுவும் இல்லை. சீட்டு எடுக்காமல் வருபவர்களை டாக்டர் பார்ப்பதில்லை என்பதால், கடைவாயில் குடைகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி உள்ளே வந்திருந்தார். டாக்டர் விடாமல் தேடி, நிஜமாகவே ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யானை வேணும்கறீங்க," என்றார் டாக்டர், குடைந்துகொண்டே. "உங்க வெள்ளி முலாம் போட்டதைக் குடுத்தா யோசிக்கலாம்."

"ஆ," என்றார் குழாய் சார். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்பது அதன் பொருள்.

"சரி. கூடவே அந்த ஒல்லிக் கழுத்தையும்?"

"ஆ... ஆ."

"அதுக்கும் சம்மதமா. பரவாயில்லையே. அப்படியே அந்த மேலே பார்த்த வாயையும் சேர்த்துக்கலாமா?"

குழாய் சார் இரண்டு கையையும் பலமாக ஆட்டினார். டாக்டர் அதை வலி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஊசி போட்டார். அதன் பிறகு நாக்கு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. கீழே இறங்கி வந்தபோது, தன்னிடமிருந்த மூன்று சூசஃபோன்களையும் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுக்குச் சொந்தக்காரராகியிருந்தார்.

சூசஃபோன் என்பது பேண்டு வாத்தியத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய பித்தளைக் குழல். கையில் பிடித்து ஊதுகிற சமாசாரம் இல்லை. வளையத்துக்குள் தலையை நுழைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்போடு அணைத்துத்தான் ஊத வேண்டும். தலைக்கு மேலே அண்டா அகலத்துக்கு அதன் வாய் விரிந்திருக்கும். பழைய, பெரிய சூசஃபோன்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் உலகத்திலேயே குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே ஊரில் வாய்த்தது குழாய் சாரின் தலையெழுத்து.

தெருவில் பாதிப் பேருக்கு அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று தெரியாது. சமையலறைக் குழாய் ஒழுகினால் வந்து கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் போய் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார்.

ஆனால் யானை என்பது சும்மா ஒரு சூசஃபோன் இல்லை. இளம் வயதில் அவர் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மில்லுக்கென்று சொந்தமாக ஒரு பேண்டு இருந்தது. முதலாளி எங்கேயோ ஒரு சூசஃபோனைப் பார்த்துவிட்டு, அதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிச் செய்து வாங்கியது அந்த யானை. அதன் வாய்க்குள் ஒரு குழந்தையைப் படுக்கவைத்துத் தாலாட்டலாம். பெரிய வாத்தியம் பின்வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று பேண்டு மாஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். கொட்டிக் கொடுத்த பணம் வெளியே தெரிய வேண்டாமா என்று முதலாளி அதையும், அதை ஊதிய குழாய் சாரையும் முன்வரிசையில் நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் முற்றத்தில் பேண்டு வாசிக்கும். எதிரே அலுவலகக் கட்டடம். அதன் மாடி ஜன்னலில் நூலின் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து நிற்பாள். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கடைசிப் பாட்டு முடியும்வரை நகர மாட்டாள். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பாள், அந்தப் பக்கம் சாய்ப்பாள், நுனிக்காலில் எக்குவாள். இசையில் இப்படிக் கரைந்துபோகிற ஒருத்தியை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்காகவே மூச்சைப் பிடித்து ஊதினார்.

ஒருநாள் மில் வாசலில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தினமும் ஜன்னல்ல நிக்கிறீங்களே," என்று கேட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. "பாட்டு பிடிக்கும்," என்றாள். அடுத்த வருஷமே கல்யாணம். பிறகு மில் மூடிப்போயிற்று, தட்டுமுட்டுச் சாமான்களோடு யானையும் ஏலத்தில் போயிற்று. அன்றையிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிப்போன இடங்களில் மற்ற மூன்றும் வந்து ஒட்டிக்கொண்டன. கடைசியில் யானை பல் டாக்டரிடம் இருப்பது தெரிந்தது. இதை அவர் மனைவியிடம் மட்டும் சொன்னதில்லை. கிடைத்த பிறகு காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் மச்சினி. வெளிநாட்டில் கணவனோடு காலம் தள்ளியவள், கணவன் இறந்தபிறகு தனியாகத் திரும்பி வருகிறாள். மனைவி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"என் தங்கச்சி இனிமே நம்மகூடத்தான். உள் ரூம் காலியாகணும். நான் போய் அவளைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள அந்தக் குழாய் ஒண்ணுகூட என் கண்ணுல படக் கூடாது."

"பட்டா?"

"வந்த வண்டியிலயே நானும் அவளும் திரும்பிப் போயிடுவோம். நீங்க குழாயோட குடித்தனம் பண்ணுங்க."

அவள் அப்படிச் சொன்னதுகூட அவருக்கு வலிக்கவில்லை. சொல்லும்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அதுதான் வலித்தது. கொஞ்ச வருஷமாகவே அப்படித்தான். பால் வந்ததா, கதவைச் சாத்தினீர்களா என்று கேட்பாள்; கண் வேறு எங்கேயோ இருக்கும். யானையை ஒரு தடவை பார்த்தால் போதும், அந்த ஜன்னலில் நின்ற பார்வை திரும்பி வந்துவிடும் என்று அவர் நம்பினார். வராவிட்டால் அவருக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

யானையை ஏற்றிக்கொண்டு வந்த இரண்டு சுமைக்காரர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அண்ணாந்து மாடிப்படியைப் பார்த்தார்கள்.

"சார், இது மேல போகாது," என்றார் மூத்தவர்.

"வாய் தனியாக் கழலும். திருகைத் தளர்த்தினாப் போதும்," என்றார் குழாய் சார். அவருக்குத் தெரியாததா?

திருகைத் தளர்த்தினார். வாய் அசையவில்லை. உற்றுப் பார்த்தால், கழுத்தைச் சுற்றி வெள்ளையாக என்னவோ பூசியிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டார்.

"அதுவா? வாய் லேசா ஆடிச்சு. பல்லுக்குக் கேப் வைக்கிற சிமெண்ட் போட்டுக் கெட்டியா ஒட்டிட்டேன். இனி ஆயுசுக்கும் ஆடாது," என்றார் டாக்டர் பெருமையாக.

சரி, முழுசாகவே ஏற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. கீழ்ப்படிகளில் ஒழுங்காக ஏறிய யானை, படி திரும்பும் இடத்தில் ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் கைப்பிடிக் கம்பியிலும் முட்டிக்கொண்டு நின்றது. கைப்பிடியைக் கழற்றினார்கள். கழற்றியதும் யானை இன்னும் ஒரு முழம் உள்ளே போய், முன்னைவிட வசமாக மாட்டிக்கொண்டது. இப்போது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார் குடையும் பையுமாக இறங்கி வந்தார். வழியில்லாமல் நின்றவருக்கு உதவி செய்யும் ஆசை வந்துவிட்டது.

"கோணம் தப்பா இருக்கு சார். சுவத்துல எண்ணெய் போட்டு வழுக்க விட்டுப் பாருங்க."

எண்ணெய் கொண்டுவந்து பூசினார்கள். யானை வழுக்கவில்லை. மூத்த சுமைக்காரர் வழுக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இனி கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இளையவர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"அப்ப ஒரே ஒரு வழிதான் இருக்கு," என்றார் வாத்தியார், காற்றில் விரலால் வட்டம் போட்டபடி. "இது மனுஷன் உடம்புக்குன்னு வளைச்ச பொருள். மனுஷன் எப்படித் திரும்புறானோ அப்படித்தான் இதுவும் திரும்பும். நீங்க இதை மாட்டிக்கிட்டு, நடந்தே ஏறிடுங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. குழாய் சார் குனிந்து வளையத்துக்குள் தலையை விட்டார், கையை விட்டார், மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். தோளில் அந்தப் பழைய கனம் உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பித்தளை வாசனை, பஞ்சுத் தூசி, சங்குச் சத்தம் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்தச் சுகத்தில் மூச்சை விட்டுவிட்டார்.

விட்டிருக்கக் கூடாது. மில் நாட்களில் அவருக்கு இல்லாத தொப்பை இப்போது இருந்தது. அது வளையத்துக்குள் போய் நிரம்பி உட்கார்ந்துகொண்டது. ஏறிப் பார்த்தார், முடியவில்லை. கழற்றிப் பார்த்தார், முடியவில்லை. யானை சுவரில் மாட்டியிருந்தது, அவர் யானையில் மாட்டியிருந்தார், வாத்தியார் இரண்டு பேருக்கும் மேலே மாட்டியிருந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"சார், உங்க வீட்டம்மா," என்றார் வாத்தியார். மேல் ஜன்னலிலிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்தது. "பெரிய பெட்டி ரெண்டு இருக்கு. கூட இன்னொரு அம்மா."

குழாய் சாரால் ஒளியவும் முடியாது, ஓடவும் முடியாது. செய்ய முடிந்தது ஒன்றுதான். ஊதுவாயை உதட்டில் வைத்தார். பாதி மரத்துப்போன உதடு. இருந்தாலும், சங்கு ஊதியதும் மில் முற்றத்தில் வாசிக்கும் அந்தப் பழைய பாட்டை எடுத்தார். முதல் இரண்டு சுரம் எருமை இருமியதுபோல வந்தது. மூன்றாவதில் பிடி கிடைத்துவிட்டது. படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன.

மனைவி விறுவிறுவென்று ஏறி வந்தாள். திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"இது மில்லுல இருந்ததுதானே?"

அவர் தலையை ஆட்டினார். ஆட்ட முடிந்தது அது ஒன்றுதான்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"இத்தனை வருஷமா இதைத்தான் தேடினேன். மத்ததெல்லாம் நடுவுல வந்தது. எல்லாத்தையும் குடுத்துட்டு இதை வாங்கியிருக்கேன்."

"எதுக்குங்க?"

"உனக்காகத்தான். நீ அந்த ஜன்னல்ல வந்து நிப்பியே."

அவள் கையை நீட்டி அந்தப் பெரிய வாயின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"மறக்க முடியுமா இதை? அப்பல்லாம் கண்ணை மூடினாலும் இதுதான் வந்து நிக்கும். அந்த வயசுல இதைத் தவிர நான் வேற எதைப் பார்த்தேன்?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் முதலில் தன் கண்ணையும், பிறகு வளையத்துக்கு நடுவே வியர்த்து வழிந்துகொண்டிருந்த அவர் முகத்தையும் துடைத்தாள். அப்போது அவரை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுதாகப் பார்த்தாள்.

"இந்த வயசுல இதுக்குள்ள போய் மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, உங்களை என்னதான் பண்றது."

"நீ திரும்பிப் போயிட மாட்டியே?"

"எங்க போறது? இருக்கட்டும். ஹால்ல ஒரு ஓரமா வெச்சுக்கலாம்."

குழாய் சாருக்கு உலகமே கைக்கு வந்ததுபோல இருந்தது. மூன்று சூசஃபோன் போனது, வலிக்காத பல்லைக் குடைந்தது, கைப்பிடிக் கம்பி போனது எதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்படியே இந்தப் படியில் ராத்திரி முழுக்க நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பார்.

"அப்ப நான் இறங்கலாமா?" என்றார் வாத்தியார் மேலேயிருந்து.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்க மச்சினி அப்போதுதான் படி ஏறி வந்தாள். யானையைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட அக்கா, இது நம்ம மில் குழாய் இல்ல? நான்கூட ஸ்கூல் விட்டு வந்து உன் பக்கத்துலயே நிப்பேனே. இதுக்குப் பின்னாடி நின்ன அந்தக் கிளாரினெட்காரர் முகத்தை ஒரு நாளாவது முழுசாப் பார்த்துடணும்னு நீ எவ்வளவு எக்கி எக்கிப் பார்ப்ப, பாவம், கடைசி வரைக்கும் இது கொஞ்சம்கூட நகரவே இல்லையே."