வாலாட்டிய வேங்கை

போர்களைத் துப்பாக்கிகள் வெல்வதாக நினைப்பவர்கள் பாமரர்கள். போர்களை வெல்பவை போஸ்டர்கள். போர்க்கால விளம்பரத் துறையின் புகைப்படக்காரன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் அறிவிக்கிறேன்.

ராணுவ நாய் ஒன்றையும் அதை நடத்திச் செல்லும் சிப்பாயையும் படம்பிடிக்க உத்தரவு வந்தது. நாயின் பெயர் வேங்கை. கண்ணிவெடியை மோப்பம் பிடிப்பதில் படுகெட்டி. ஆனால் கேமராவைக் கண்டதும் நாக்கைத் தொங்கவிட்டு வாலை ஆட்டியது.

படத்தைப் பார்த்த எங்கள் துறை இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

"எதிரிதான்யா நம்மகிட்ட வாலாட்டுறான். நம்ம நாயுமா?"

"வாலை வெட்டிடலாம் சார்," என்றேன். துணை இயக்குநர் மயங்கப் பார்த்தார். "படத்துலதான் சார்!"

"மூஞ்சியை என்ன பண்ணுவே? வேலை கேட்டு வந்த மச்சான் மாதிரி இளிக்குதே!"

நாய் உறும வேண்டும் என்று 'ஏகமனதாக'த் தீர்மானம் நிறைவேறியது. அதன் நகல் நாய்க்கும் அனுப்பப்பட்டது.

மறுநாள் இயக்குநரே நேரில் வந்து சிப்பாயிடம் சொன்னார். "தம்பி, நாய் பல்லைக் காட்டி உறுமணும். படம் நல்லா வந்தா உனக்கு லீவு."

சிப்பாய்க்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னும் முகம் பார்க்கவில்லை. நாயின் எதிரே மண்டியிட்டு, பல்லைக் கடித்து "உர்ர்ர்" என்றான்.

"இப்படிடா செல்லம்!"

வேங்கை அவன் மூக்கை நக்கியது.

"ஒரே ஒரு தடவைடா... பாப்பாவைப் பாக்கணும்டா..."

கண் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடி உறுமினான். நான் பட்டனை அமுக்கிவிட்டேன்.

படம் அமோக வெற்றி. சுவருக்குச் சுவர் சிப்பாய் உறுமினான். பக்கத்தில் நாய் சிரித்தது.

லீவைப் பற்றி விவாதிக்க மீண்டும் கூடினோம்.

"இந்த மூஞ்சியையா வீட்டுக்கு அனுப்புறது? முன்வரிசைக்கு அனுப்புங்கய்யா!" என்றார் இயக்குநர்.

ஆனால் எங்கள் துறை சொன்ன சொல் தவறாதது. அறிவித்த லீவை ரத்து செய்ய விதியும் இல்லை. ஆகவே அது நாய்க்கு வழங்கப்பட்டது. தங்குமிடம், சிப்பாயின் வீடு.

"அப்ப கண்ணிவெடியை யார் சார் மோப்பம் பிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"அவன்தான் இவ்வளவு நல்லா உறுமுறானே, மோப்பமும் பிடிக்கட்டும்!"

அடுத்த வாரம் சிப்பாயின் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நாய் வந்து சேந்துடுச்சு. பாப்பாகூட நல்லா விளையாடுது. அவரு எப்ப வருவாரு?"

"அவரு முன்வரிசையில நின்னு நாட்டைக் காக்கிறாரும்மா."

"அவரை அங்க அனுப்புனவங்கள்லாம் எந்த வரிசையிலண்ணே நிக்கிறாங்க?"

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

"மீட்டிங்ல உக்காந்திருக்காங்கம்மா," என்றேன்.