பச்சை மப்ளர்காரர்

சின்னவன் ஒரு வழியாகத் தூங்கிவிட்டான். வீட்டிலிருந்து பூங்கா வாசல் வரை நாற்பது நிமிடம் விடாமல் அழுதான். பஸ்ஸில் ஏறும்போது அழுதான், இறங்கும்போது அழுதான், நடுவில் ஒரு அம்மாள் இரக்கப்பட்டுச் சிரித்துக் காட்டியதற்குத் தனியாக ஒரு பாட்டம் அழுதான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தம் எங்கிருந்து வருகிறது என்று பரிசோதகருக்கு விளங்கவில்லை.

ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. பதினேழு வருஷ சர்வீஸ். கழிவறையில் ஒளிந்தவனை, தூங்குவது போல் நடித்தவனை, அடுத்தவர் மனைவியைத் தன் மனைவி என்று சொல்லிக் குடும்ப டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டவனை எல்லாம் பிடித்தவர். பெற்ற மகன் தன் முகத்தைப் பார்த்ததும் ஏன் அழுகிறான் என்பதை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வருகிற அப்பாவைச் சின்னவன் பாதி வேற்றாளாகத்தான் நினைத்திருந்தான். அம்மா தெரிய வேண்டிய இடத்தில் அப்பா தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

அவர் மனைவி நர்ஸ். அவளுக்கு வெளியூரில் பத்து நாள் பயிற்சி. முடித்தால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகலாம். சின்னவன் வயிற்றில் இருந்தபோதும் இதே வாய்ப்பு வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று மாலை அவள் யாரோடும் பேசாமல் ஒரே பாத்திரத்தை வெகுநேரம் துலக்கிக்கொண்டிருந்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை அவள் போயே ஆக வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார். பதில் சொல்ல இன்று மாலைதான் கடைசி.

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தார்.

"முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க. போன மாதிரியே திரும்பிக் கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவள் டியூட்டிக்குப் போய்விட்டாள்.

ஆக, இது உல்லாசப் பயணம் இல்லை, பரீட்சை. தூங்கியவன் கண் விழித்துத் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று பரிசோதகர் குழந்தை வண்டியின் மூடாப்பை முழுக்க இழுத்து, ஓரத்து ஜிப்பையும் போட்டார். குளிர்காற்று படாமல் இருக்கவும் அது நல்லதுதான்.

குளிர் விலகி வெயில் எட்டிப் பார்த்த முதல் ஞாயிறு. மரங்களில் இலை இன்னும் வரவில்லை, மொட்டு மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம் கம்பளிச் சட்டையோடு அங்கேதான் இருந்தன. காபிக் கடை முன்னால் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அவர் காபியை வாங்குவதற்குள் ஐந்து வயது மூத்தவள் கரைந்த பனி தேங்கிய குட்டைக்குள் இறங்கிவிட்டாள். ஓடிப் போய்ப் பிடித்து இழுத்து, ஷூவிலிருந்த தண்ணீரைக் கொட்டி, திரும்பி வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியபோது காபி ஆறிப் போயிருந்தது. சின்னவன் எழவில்லை. அதற்காக எத்தனை காபி வேண்டுமானாலும் ஆறட்டும்.

மனைவியிடமிருந்து செய்தி வந்தது. "என்ன பண்றான்?"

மூடிய வண்டியைப் படம் எடுத்து, "தூங்குறான். தங்கம்" என்று அனுப்பினார்.

"வண்டி தெரியுது. பிள்ளை எங்க?"

"உள்ள."

"முகத்தைக் காட்டுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பேரைத் தினமும் சந்தேகப்படுகிறவர்தான், ஆனால் தன்னை ஒருவர் சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். எழுந்துவிடுவான் என்று எழுதிப் போனைப் பையில் போட்டார். பத்து நிமிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் பின்னால் வந்த ஆளைக் கவனித்தார். கழுத்தில் பச்சை மப்ளர். கையில் பரிசோதகருடையதைப் போலவே ஒரு சாம்பல் நிறக் குழந்தை வண்டி. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை காது கிழிய அலறியது. அந்த மனிதர் குழந்தையைக் கவனிக்காமல் பரிசோதகரையே பார்த்துக்கொண்டு வந்தார். இவர் நின்றால் அவரும் நின்றார். இவர் வாத்துக் குளத்துப் பக்கம் திரும்பினால் அவரும் திரும்பினார்.

பரிசோதகருக்குப் பளிச்சென்று புரிந்தது. மனைவி ஆள் வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பதாகப் போன வாரம் சொன்னாளே, அந்த ஆள்தான். வேவு பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். மூத்தவளின் மூக்கைத் துடைத்துவிட்டார். பட்டனைப் போட்டுவிட்டார். அவளுக்கு வாத்தைக் காட்டி, வாத்துக்கு எத்தனை கால் என்று உரக்கக் கேட்டார். அவள் அவரைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள்.

"பாத்தியாம்மா, அந்த மாமா வண்டில பாப்பா எப்படிக் கத்துது. பிள்ளை வளக்கத் தெரியாத ஆளு. நம்ம தம்பியப் பாரு."

மூத்தவள் ஜிப்பைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தாள். பிறகு தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து உள்ளே நீட்டினாள். ஒரு சின்னக் கை வந்து சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. பரிசோதகர் அசந்துபோனார். மகன் விழித்திருக்கிறான், ஆனாலும் அழவில்லை. மகள் தம்பிக்குத் தன் பங்கைக் கொடுக்கிறாள். இது அவள் சரித்திரத்திலேயே கிடையாது. இதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தொழில் புத்தி சொன்னது. நல்லது நடக்கும்போது நோண்டக் கூடாது என்று பெற்ற மனம் சொன்னது. ஜிப்பை மறுபடி இழுத்து மூடினார்.

பச்சை மப்ளர்காரர் நெருங்கிவிட்டார். "சார், ஒரு நிமிஷம்."

பதினேழு வருஷத்தில் "சார், ஒரு நிமிஷம்" என்று சொன்ன ஒருவனிடமும் டிக்கெட் இருந்ததில்லை. பரிசோதகர் நடையை எட்டிப் போட்டார். மப்ளர்காரர் ஓட்டமாக வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"இந்த வண்டி எங்க வாங்கினீங்க?"

"கடையில."

"இல்ல, உள்ள இருக்கிற பையனை ஒரு தடவை பாத்துக்கலாமா?"

"எதுக்கு?"

அந்த மனிதர் தயங்கினார். "சும்மாதான். ஒரு சின்ன சந்தேகம்" என்றார். மேலே ஏதோ சொன்னார், அவர் வண்டியிலிருந்து வந்த அலறலில் ஒன்றும் காதில் விழவில்லை.

மனைவி அனுப்பிய ஆளாக இருந்தால் மனைவியின் பெயரைச் சொல்லியிருப்பான். சும்மா என்கிறான். ஊரான் பிள்ளையைச் சும்மா எதற்குப் பார்க்க வேண்டும்? மகளை ஒரு கையில் பிடித்து, வண்டியை மறு கையால் தள்ளி, புதர்களுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் புகுந்தார். வண்டிச் சக்கரம் சேற்றில் சிக்கியது. தூக்கிக்கொண்டு நடந்தார். மகளின் ஷூ மறுபடி நனைந்தது. புதருக்கு அந்தப் பக்கம் வந்து மூச்சு வாங்க நின்றால், எதிரே பச்சை மப்ளர். சுற்றுப்பாதையில் ஓடி வந்திருக்கிறார்.

அலறல் இப்போது இன்னும் பக்கத்தில் கேட்டது. அந்த மூடாப்பின் இடுக்கிலிருந்து ஒரு சிவந்த கை நீண்டு காற்றைப் பிசைந்தது. "அப்பா, அப்பா" என்று குழந்தை கதறியது. பச்சை மப்ளர்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பரிசோதகர் அங்கேயே நின்றுவிட்டார். அப்பா என்று பெற்ற பிள்ளை கூப்பிட்டால் எந்த அப்பன் குனியாமல் இருப்பான்? டிக்கெட் இல்லாதவன் எப்போதும் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்பான். பிள்ளை பிடிக்கிறவனும் கையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டுதான் திரிவான், அப்போதுதானே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒன்றைத் திருடியாகிவிட்டது, அடுத்ததற்கு வருகிறான். இவ்வளவு நேரம் தன் பிள்ளைக்காகப் பயந்தவருக்கு இப்போது அந்தக் குழந்தைக்காகவும் பயம் வந்தது. பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ.

மகளையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு வாசலில் காவலுக்கு இருந்த அம்மாளிடம் ஓடினார், பச்சை மப்ளரும் விடாமல் பின்னால் வந்தது. ரயில்வே அடையாள அட்டையைக் காட்டி, நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். அவள் ஓங்கிய ஆள், கையில் விசிலும் தடியும் உண்டு. விசிலை ஊதினாள். நாலு பக்கமிருந்தும் அப்பா அம்மாக்கள் வண்டிகளோடு வந்து வட்டம் கட்டினார்கள். பச்சை மப்ளர்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

பரிசோதகர் மனைவிக்கு வீடியோவில் கூப்பிட்டார். டீ இடைவேளையில் இருந்தவள் உடனே எடுத்தாள்.

"என்னாச்சு? பிள்ளைங்க?"

"பிள்ளைங்க பத்திரம். இன்னொருத்தர் பிள்ளையைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். நீயே பாரு" என்று போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

காவலாளி அம்மாள் தடியைத் தரையில் ஊன்றினாள். "இந்தக் குழந்தை உங்களுதா?"

பச்சை மப்ளர்காரர் தலையைத் தொங்கப்போட்டார். "இல்லைங்க."

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. யாரோ போலீசைக் கூப்பிடச் சொன்னார்கள். ஒரு பாட்டனார் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். போனிலிருந்து மனைவியின் குரல் வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் அந்தக் குரலை அந்தத் தொனியில் கேட்டதில்லை.

"உங்களுக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லங்க. ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கிட்டு இதையும் கண்டுபிடிச்சிருக்கீங்க. பயிற்சிக்கு வர்றேன்னு இப்பவே சொல்லிடறேன்."

பரிசோதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாத்திரம் துலக்கிய மாலை அவர் நெஞ்சிலிருந்து ஒரு வழியாக இறங்கிப் போனது.

"அப்ப உங்க குழந்தை எங்கய்யா?" என்று காவலாளி அம்மாள் அதட்டினாள்.

பச்சை மப்ளர்காரர் மெல்ல விரலைத் தூக்கி, பரிசோதகரின் வண்டியைக் காட்டினார்.

பரிசோதகர் சிரித்தே விட்டார். பிடிபட்டவன் கடைசியில் பரிசோதகரையே திருடன் என்பது அவர் பார்க்காத வித்தையா? சாட்சிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. மகளை முன்னால் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, மனைவிக்கும் கேட்கும்படியாகப் போனைக் கிட்டே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீதானேம்மா பிஸ்கட் குடுத்தே. சொல்லு, நம்ம வண்டிக்குள்ள இருக்கிறது யாரு?"

மூத்தவள் சேற்று ஷூவால் தரையைத் தேய்த்தாள்.

"யாருன்னு தெரியலப்பா. ஆனா அழவே மாட்டேங்கறான், நாம இவனையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."