கோமதியம்மாள் மூன்றாம் பெட்டியைத் தூக்கிய படலம்

“ரெண்டு வால்வு வேணும் அத்தான்! ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும், அப்பத்தான் சத்தம் நாலு சந்தைத் தாண்டி—”

“தள்ளவும் இழுக்கவும் இதென்ன கைவண்டியா மாப்ள? ஒத்தை வால்வு போதும்வே! சுத்தமாப் பாடும், சூடும் கம்மி—”

“சுத்தமாப் பாடி யாருக்குக் கேக்க? கொசுவுக்கா?”

வாழ்க கணேசபாண்டியன்! தாராவித் தோல் கிடங்கில் இறந்துபட்ட இயந்திரங்களை ஓர் உதையால் உயிர்ப்பித்த தாளாண்மையன், ஈயம் பற்றவைக்கும் கோலையே வேலாய் ஏந்திய வீரன், வாழ்க! அவனுக்குத் தங்கையைக் கொடுத்த மைத்துனன், குர்லாப் பட்டறையின் குறடேந்து கோமான் நெல்லையப்பனும் வாழ்க! லாமிங்டன் சாலையில், மன்சூர் அலியின் ரேடியோ சாமான் கடையில், உதிரிகளை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர் கிட் பெட்டி இரண்டை நடுவில் வைத்து இவ்விரு சிங்கங்களும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடுத்த போர், ஆறு மணியாகியும், ஐந்து சாயா ஆகியும் ஓய்ந்தபாடில்லை.

களத்தின் ஓரத்தில், கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியே அரியணையாக, இடுப்புவலியே தோழியாக வீற்றிருந்தாள் கணேசபாண்டியனின் இல்லத்தரசி கோமதியம்மாள். அவள் நெஞ்சம் வால்விலா இருந்தது? வருகிற ஞாயிற்றுக்கிழமையில் அல்லவா இருந்தது! மகளின் காதுகுத்துக்கு வாடகை மைக் செட்டு கிடையாது, தன் கையால் செய்த செட்டே முழங்கும் என்று, நிறைகுடங்களும் வெறுங்குடங்களும் சாட்சியாகத் தண்ணீர் வரிசையில் சூளுரைத்தவன் கணவன் என்றால், அதை அடுத்த வீட்டு இருதயமேரியிடம் மூன்று தரம் எடுத்துரைத்தவள் அவளே. “பாப்போம்க்கா” என்று இருதயமேரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் குத்திக்கொண்டிருந்தது. இன்று வாங்கினால்தான் ஞாயிற்றுக்குள் பூட்டி முடியும்.

அந்தோ! வரைபடங்கள் போர்க்கொடிகளாய் விரிந்தன. திருகாணிகள் அம்புமாரியாய்ச் சிதறின. நெல்லையப்பன் மேசையைக் குத்த, கணேசபாண்டியன் தன் தொடையையே குத்திக்கொள்ள, பல்பு போன்ற வால்வுகள் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடுகிடுவென நடுங்க, ஊழிச் சங்கம்போல் ஒலித்தது மன்சூர் அலியின் குரல்:

“பாயி, ஏழு மணிக்குக் கடை பந்த்!”

எழுந்தாள் கோமதியம்மாள். மாதுங்கா மார்க்கெட்டில் கருணைக்கிழங்கைக் கையால் தூக்கியே எடை சொல்லும் காரிகை, தராசுகளும் நாணும் தடங்கையாள், எழுந்தாள்! கணவன் பெட்டியைத் தூக்கினாள். “இது பொரி,” என்றாள். அண்ணன் பெட்டியைத் தூக்கினாள். “இது அவல்.” அதன்பின், எவர் கண்ணிலும் படாமல், எச்சில் சாயாக் கிளாஸுகளைச் சுமந்து மூலையில் கிடந்த மூன்றாம் பெட்டியை நோக்கி நடந்தாள், கிளாஸுகளை ஒவ்வொன்றாய் இறக்கினாள், மூச்சடக்கித் தூக்கினாள். வளையல்கள் முழங்கைவரை புறங்காட்டி ஓடின.

“இதுல கனம் இருக்கு. இரும்புல கஞ்சத்தனம் பண்ணாதவன் வேற எதுலயும் பண்ணியிருக்க மாட்டான். கட்டச் சொல்லுங்க.”

மன்சூர் அலி நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினான். உள்ளிருக்கும் இரும்பு டிரான்ஸ்பார்மரின் எடையே தொழிலின் மறைபொருள் என்பதை அவன் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. மூடியைத் திறந்தால், எருமைத்தலை போன்றதொரு டிரான்ஸ்பார்மர். அதன் இருபுறமும் இரண்டு வால்வுகள்!

“பாத்தீரா அத்தான், ரெண்டு வால்வு!”

“எடுத்தது யாரு மாப்ள? என் தங்கச்சில்லா!”

ஆக, தோற்றவர் எவருமிலாத அப்பெரும்போரின் வெற்றிச்செல்வத்தை ஏந்தி, கிராண்ட் ரோடு நிலையத்தில் ஆயிரம் முழங்கைகளின் அகழியைக் கடந்து, மின்ரதமேறி மாஹிம் நோக்கி விரைந்தனர் மூவரும். கணேசபாண்டியன் வாயில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகள் ஒவ்வொன்றாய் முழங்கத் தொடங்கின, நெல்லையப்பன் தாளமிட்டான். மடியில் பெட்டியை இருத்திய கோமதியம்மாள், இருதயமேரியின் முகம் போகப்போகும் போக்கை எண்ணிப் பூரித்தவளாய், மூடியை நெகிழ்த்தி உள்ளே கிடந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மர். வால்வு. வயர்க்கட்டு. திருகாணிப் பொட்டலம். பெட்டியின் அடிவரை துழாவினாள்.

“ஏங்க, இதுல ஸ்பீக்கர் எங்க?”